ஆறிப்போன பக்கங்கள் எங்கே போகின்றன?

ஒரு கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. அதில் 14 ஜிபி நிரம்பிவிட்டதாகத் திரை காட்டுகிறது. சரி, அந்த 14 ஜிபியில் கடந்த ஒரு நிமிடத்தில் ஏதாவது ஒரு நிரல் தொட்டது எவ்வளவு? பெரும்பாலும் அதில் ஒரு பகுதிதான். எப்போதோ திறந்துவிட்டு மறந்துபோன பிரவுசர் டேப், தொடங்கும்போது ஒரே ஒரு தடவை ஓடி முடிந்த நிரல் துண்டு, பிழை ஏதாவது வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கப்படும் அட்டவணை என்று பலதும் ரேமில் இடம் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

கூகுள் தன் தரவு மையங்களில் இதை அளந்து 2019இல் வெளியிட்டது. 120 விநாடிகளாக யாரும் தொடாத நினைவகத்தை ‘ஆறிப்போனது’ என்று வைத்துக்கொண்டால், பயன்பாட்டில் இருந்த நினைவகத்தில் சராசரியாக 32 சதவீதம் அந்தக் கணக்கில் வந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: அப்படி ஆறிப்போனதாகக் கருதப்பட்டதில் சுமார் 15 சதவீதம் ஒவ்வொரு நிமிடமும் மறுபடி தொடப்பட்டது. முதல் எண் ஆசை காட்டுகிறது, இரண்டாவது எச்சரிக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடப்போகிறது.

முதலில் ‘பக்கம்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான கணினிகளில் 4 கேபி கொண்ட துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தத் துண்டுதான் பக்கம். 16 ஜிபி ரேமில் 41,94,304 பக்கங்கள். ஒரு நிரல் தன் தரவு இன்ன முகவரியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அது உண்மையான இடம் கிடையாது, பெயருக்கு ஒரு முகவரி. அந்த முகவரிக்கு உண்மையில் எந்தப் பக்கம் என்பதைப் பக்க அட்டவணை என்ற பதிவேட்டில் கெர்னல் எழுதி வைத்திருக்கும். பதிவேட்டைத் திருத்திவிட்டால் போதும், தரவு எங்கே போனது என்று நிரலுக்குத் தெரியவே தெரியாது. பக்கங்களை இடம் மாற்றும் வித்தை எல்லாமே இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

வித்தை புதியதும் இல்லை. மான்செஸ்டரில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் வேகமான காந்த வளைய நினைவகம் கொஞ்சமாகவும், மெதுவான காந்த உருளை நிறையவும் இருந்தன. எந்தப் பக்கம் வேகமான நினைவகத்தில் இருக்க வேண்டும், எது உருளைக்குப் போகலாம் என்று பயன்பாட்டைப் பார்த்துத் தீர்மானிக்க அதிலேயே ஒரு நிரல் இருந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய ஸ்வாப்: ரேமில் இடம் போதாதபோது பயன்படாத பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவிடுவது.

ஸ்வாப்பின் தொல்லை அதன் தூரம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோவிநாடி ஆகிறது. நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க, தோராயமாக 100 மைக்ரோவிநாடி. அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிவிநாடி. நம் கைக்கு அடங்கும் அளவில் சொன்னால், ரேமுக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்குப் பதினேழு நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நாளுக்கும் மேல். நடுவில் எதுவுமே கிடையாது. ஒன்று கையில் இருக்கும், இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாம் தர நினைவகங்கள் வந்தன. இன்டெல் 2019 ஏப்ரலில் ஆப்டேன் என்ற நினைவகத்தைச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. ரேமைவிட மெதுவானது, ஆனால் அதே இடத்தில் அதிகக் கொள்ளளவைச் செருகலாம். வியாபாரம் சரிப்படவில்லை, 2022 ஜூலையில் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதற்காக லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலில் எழுதப்பட்ட வேலை வீணாகவில்லை. சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு முறை அப்படியே அதைச் சுவீகரித்துக்கொண்டது. மதர்போர்டின் ரேம் செருகிகளுக்கு வெளியே, துணை அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக, கூடுதல் நினைவகத்தைப் பொருத்த இது வழி செய்கிறது. அங்கே இருப்பதும் சாதாரண ரேம்தான், பாதைதான் நீளம். எட்ட ஆகும் நேரம் பக்கத்து ரேமைப் போல சுமார் இரண்டு மடங்கு, சாதனத்தைப் பொறுத்து அதற்கும் மேல். மேலே சொன்ன கணக்கில் இரண்டு, மூன்று விநாடி. பதினேழு நிமிடத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இப்படி வேகத்தில் வேறுபட்ட நினைவகங்கள் ஒரே கணினியில் இருக்கும்போது அவற்றை அடுக்குகள் என்கிறார்கள். மேலடுக்கில் வேகமான ரேம், கீழடுக்கில் மெதுவானது. லினக்ஸ் கீழடுக்கை எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் ஒரு சின்ன சாமர்த்தியம் உண்டு. பல பிராசசர்கள் கொண்ட சர்வர்களில் ஒவ்வொரு பிராசசருக்கும் அருகில் இருக்கும் ரேமைத் தனித்தனி ‘நியூமா முனை’யாகக் கெர்னல் ஏற்கெனவே நடத்திவந்தது. புதிய நினைவகத்தையும் அப்படி ஒரு முனையாகவே சேர்த்துக்கொண்டார்கள், பிராசசரே இல்லாத முனையாக. ஆளில்லாத வீடு மாதிரி. சாமான் வைக்கலாம், குடியிருப்போர் யாரும் இல்லை. பழைய ஏற்பாட்டிலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. அடுக்கு என்ற கருத்தையே வெளிப்படையாகக் கெர்னலில் எழுதி வைத்தது 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான்.

ஸ்வாப்புக்கும் அடுக்குக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் முளைக்கிறது. ஸ்வாப் பரண் மாதிரி. பரணில் ஏற்றிய பெட்டியை அங்கேயே வைத்துத் திறக்க முடியாது, கீழே இறக்கியாக வேண்டும். ஸ்வாப்பில் இருக்கும் பக்கத்தையும் பிராசசர் நேரடியாகப் படிக்க முடியாது. ரேமுக்குக் கொண்டுவந்த பிறகுதான் படிக்கலாம். கீழடுக்கு அப்படியில்லை. அங்கே இருக்கும் பக்கத்தை இருந்த இடத்திலேயே படிக்கலாம், எழுதலாம். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

எது ஆறியது என்று யார் சொல்வது?

நிரல்கள் தங்கள் பக்கங்களைப் பற்றிக் கெர்னலிடம் எதுவும் சொல்வதில்லை. கெர்னலும் ஒவ்வொரு தொடுதலையும் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் கணினி அந்த வேலையை மட்டும்தான் செய்யும். ஒரு விநாடியில் கோடிக்கணக்கான முறை நினைவகம் தொடப்படுகிறது.

அதனால் ஒரு துப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பக்க அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘தொடப்பட்டது’ என்ற ஒரு பிட் உண்டு. பக்கம் தொடப்பட்டால் பிராசசர் தானாகவே அதை 1 ஆக்கிவிடும். கெர்னல் அவ்வப்போது வந்து அதை 0 ஆக்கிவிட்டுப் போகும். அடுத்த தடவை வரும்போது இன்னும் 0 ஆகவே இருந்தால், இடையில் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம். வாசலில் மாவைத் தூவிவிட்டுக் காலடித் தடம் இருக்கிறதா என்று மறுநாள் பார்ப்பது போன்ற வேலை. வந்தார்களா இல்லையா என்று தெரியும், எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. ஒரு தடவை தொட்ட பக்கமும் பத்தாயிரம் தடவை தொட்ட பக்கமும் அந்த பிட்டுக்கு ஒன்றுதான்.

இதை ஈடுகட்ட, பக்கங்களை ‘சுறுசுறுப்பானவை’, ‘சோம்பியவை’ என்று இரண்டு பட்டியல்களில் லினக்ஸ் வைத்துக்கொள்கிறது. சோம்பிய பட்டியலில் வால்வரை நகர்ந்தும் யாரும் தொடாத பக்கம் வெளியேற்றத்துக்குத் தயார். 6.1 பதிப்பில் சேர்ந்த புதிய முறை இரண்டு பட்டியலோடு நிற்காமல் பல தலைமுறைகளாகப் பிரிக்கிறது; எது எவ்வளவு காலமாகத் தொடப்படவில்லை என்பது இன்னும் நுணுக்கமாகத் தெரியும். 5.15இல் வந்த டேமன் என்ற கண்காணிப்பு வசதி வேறு வழியில் போகிறது. எல்லாப் பக்கங்களையும் பார்க்காமல், நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பக்கத்தை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும். சோற்றுப் பதம்தான்.

கீழே இறக்குவது

மேலடுக்கில் காலி இடம் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனதும் கே-ஸ்வாப்-டி என்ற பின்னணிப் பணியாளரைக் கெர்னல் எழுப்பிவிடும். முன்பெல்லாம் இவருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. வட்டில் ஏற்கெனவே பிரதி இருக்கும் கோப்புப் பக்கம் என்றால் அப்படியே தூக்கி எறிந்துவிடலாம். இல்லையென்றால் ஸ்வாப்புக்கு எழுத வேண்டும். 2021இல் வந்த 5.15 பதிப்பு மூன்றாவது வழியைத் திறந்தது: எறிவதற்குப் பதிலாகக் கீழடுக்குக்கு இறக்கு. இறக்கம் என்று பெயர் இருந்தாலும் இதில் புதிதாக ஆறிய பக்கத்தைத் தேடும் வேலை எதுவும் இல்லை. எப்படியும் வெளியேற்றப் போகிற பக்கங்களுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அங்கேயும் இடம் தீர்ந்தால்தான் ஸ்வாப்.

ஒரு பக்கத்தை இடம் மாற்றுவது 4,096 பைட்டை நகலெடுக்கும் வேலைதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. நகலெடுப்பதுதான் இருப்பதிலேயே எளிது. நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, நகலெடுக்கும் நேரத்தில் அது அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டால்? ஆகவே கெர்னல் பக்கத்தை முதலில் பட்டியலிலிருந்து பிரித்து எடுக்கும். கீழடுக்கில் ஒரு காலிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பக்க அட்டவணைகளில் அந்தப் பக்கத்தைச் சுட்டும் எல்லாப் பதிவுகளையும் தேடும். பல நிரல்கள் பகிரும் பொது நிரல் தொகுப்பான நூலகத்தின் பக்கமாக இருந்தால் டஜன் கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் முகவரியை அழித்துவிட்டு ‘இடமாற்றம் நடக்கிறது’ என்ற குறியை எழுதும். இந்த நேரத்தில் எந்த நிரலாவது அங்கே வந்தால் குறியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னும் நகலெடுக்க முடியாது. பக்க அட்டவணையைப் போய்ப் பார்ப்பதே நேரம் பிடிக்கும் என்பதால், பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ‘கோர்’கள் ஒவ்வொன்றும், சமீபத்தில் பார்த்த முகவரிகளை டிஎல்பி என்ற தன் சிறு குறிப்பேட்டில் வைத்திருக்கும். அட்டவணையைத் திருத்தினாலும் குறிப்பேட்டில் பழைய முகவரி அப்படியே இருக்கும். எனவே மற்ற கோர்களுக்கெல்லாம் குறுக்கீடு அனுப்பி, ‘அந்த வரியை அடித்துவிடு’ என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அடித்துவிட்டதாகத் தெரிந்த பிறகே நகல். அப்புறம் பதிவுகளில் புதிய முகவரி, பழைய பக்கத்துக்கு விடுதலை. 64 கோர் இருக்கும் சர்வரில் அந்தக் குறுக்கீடுதான் பெரிய செலவு. அதனால் பக்கங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கூட்டமாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே குறுக்கீடாக முடிக்கப் பார்க்கிறது கெர்னல்.

நகரவே முடியாத பக்கங்களும் உண்டு. நெட்வொர்க் அட்டை போன்ற சாதனம் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தின் உண்மையான இடத்தை அந்தச் சாதனத்திடம் கொடுத்தாயிற்று. சாதனத்தைக் காத்திரு என்று சொல்ல முடியாது. அத்தகைய பக்கம் ஆணியடித்த மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கும்.

மேலே ஏற்றுவது

இதுதான் கடினமான பாதி. எனக்குப் பிடித்த பாதியும் இதுவே.

ஆறிப்போனது என்று நினைத்து இறக்கிய பக்கம் மறுபடி சூடாகிறது. தொடக்கத்தில் சொன்ன அந்த 15 சதவீதம். ஸ்வாப்பில் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. நிரல் தொட்டவுடன் பக்கம் அங்கே இல்லை என்று பிராசசர் முறையிடும், கெர்னல் ஓடி வந்து எடுத்துக் கொடுக்கும். இந்த முறையீட்டுக்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். கீழடுக்கில் அந்த முறையீடே எழாது. பக்கம் ஒழுங்காகக் கிடைக்கிறது, நிரல் படித்துக்கொண்டு போகிறது, கெர்னலுக்கு ஒரு தகவலும் வராது. ஒரு விநாடியில் லட்சம் தடவை தொடப்படும் பக்கம் கீழடுக்கிலேயே கிடந்து, ஒவ்வொரு தடவையும் நூறு நானோவிநாடியைக் கூடுதலாகத் தின்றுகொண்டிருக்கும். எந்தப் பதிவிலும் பிழை என்று வராது. அடுக்கின் பெரிய வசதியே அதன் பெரிய குருட்டுப் புள்ளியாகவும் ஆகிவிடுகிறது.

கெர்னல் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. நிரலின் நினைவகத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் கீழடுக்கில் இருக்கும் பக்கங்களை ‘அனுமதி இல்லை’ என்று பொய்யாகப் பூட்டும். பூட்டிய நேரத்தையும் குறித்துக்கொள்ளும். பக்கம் அங்கேயேதான் இருக்கிறது. நிரல் வந்து தொட்டதும் பேஜ் ஃபால்ட் எழும், கெர்னல் உடனே திறந்துவிடும். அதற்குள் தேவையான தகவல் கிடைத்துவிட்டது: பூட்டியதற்கும் தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம். அடிக்கடி தொடப்படும் பக்கமாக இருந்தால் பூட்டிய சில மில்லிவிநாடிகளிலேயே யாராவது வந்து தட்டுவார்கள். எப்போதாவது தொடப்படும் பக்கம் நிமிடக்கணக்கில் சும்மா இருக்கும். நேரம் குறைவு என்றால் பக்கம் சூடு. 2022 மே மாதம் வந்த 5.18 பதிப்பில் அடுக்குகளுக்கென்று இந்த ஏற்றம் சேர்ந்தது. எவ்வளவு குறைந்தால் சூடு என்பதற்கு ஒரு விநாடியிலிருந்து தொடங்கி, சூழ்நிலைக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு 6.1இல் வந்தது. விநாடிக்கு இத்தனை மெகாபைட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கடிவாளமும் போடலாம்.

கடிவாளம் எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தை ஏற்ற, எல்லாச் செலவும் சேர்த்து 5 மைக்ரோவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே வந்த பிறகு ஒவ்வொரு தொடுதலிலும் 100 நானோவிநாடி மிச்சம். அப்படியென்றால் 50 தடவை தொட்ட பிறகுதான் போட்ட காசு திரும்புகிறது. அதிலும் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தில் முடிந்துவிடும் தொடுதல்கள் சேர்த்தி இல்லை. வெளியே ரேம் வரை வருபவைதான் கணக்கு. 50க்கு முன்பே பக்கம் மறுபடி ஆறிவிட்டால் ஏற்றியதே நஷ்டம். மேலடுக்கு நிரம்பியிருந்தால் இதை ஏற்ற இன்னொன்றை இறக்கவும் வேண்டும், செலவு இரட்டிப்பு. இறக்கியது மறுபடி சூடாகி ஏறக் கேட்டால் கணினி நாள் முழுக்கப் பக்கங்களைச் சுமந்துகொண்டிருக்குமே தவிர வேலை நடக்காது. இந்த ஆட்டத்தில் சிக்கிய சர்வர், அடுக்கு வசதியை அணைத்துவிட்டு ஓடினால் இன்னும் வேகமாக ஓடும்.

ஏமாற்றும் சூழ்நிலைகளும் இருக்கின்றன. காப்பு எடுக்கும் நிரல் நினைவகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தடவை வரிசையாகப் படிக்கிறது என்றால், ஒரே நேரத்தில் எல்லாமே சூடாகத் தெரியும். பெரிய பக்கங்கள் இன்னொரு வம்பு. வேகத்துக்காக 512 சிறு பக்கங்களைச் சேர்த்து 2 எம்பி பக்கமாகவும் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கும் தொடப்பட்டது பிட் ஒன்றே ஒன்றுதான். உள்ளே 4 கேபி மட்டும் சூடாக இருந்து மீதி முழுக்க ஆறிக் கிடந்தாலும், மொத்த 2 எம்பியும் சூடானது என்றே கணக்கு.

பூட்டித் திறக்கும் தந்திரமே ஒரு செலவுதான், ஒவ்வொரு பொய்ப் பூட்டுக்கும் நிரல் கொஞ்சம் தடுக்கி விழுகிறது. ஆகவே வன்பொருளையே எண்ணச் சொல்லலாமே என்ற யோசனை வலுத்துவருகிறது. பிராசசர்களில் தொடுதல்களை இத்தனைக்கு ஒன்று என்று மாதிரி எடுத்துச் சொல்லும் வசதி முன்பிருந்தே உண்டு. 2024 டிசம்பரில் வெளியான சிஎக்ஸ்எல் 3.2 வரையறையில், எந்தப் பக்கம் அதிகம் தொடப்படுகிறது என்று நினைவகச் சாதனமே எண்ணி வைக்கும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. கீழடுக்கின் மௌனத்தைக் கலைக்க, அங்கேயே ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்த மாதிரி.

உங்கள் லினக்ஸ் கணினியில் இதில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ப்ராக் அடைவுக்குள் இருக்கும் விஎம்ஸ்டாட் கோப்பைத் திறந்து, டிமோட், ப்ரொமோட் என்ற சொற்கள் வரும் வரிகளைத் தேடுங்கள். இறக்கிய பக்கங்களும் ஏற்றிய பக்கங்களும் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன சுமைதூக்கும் ஆட்டம் நடக்கிறதோ என்று சந்தேகப்படலாம். வீட்டு மடிக்கணினியில் பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும். அதில் இருப்பது ஒரே அடுக்கு, இறக்க இடமில்லை. இரண்டு அடுக்கு உள்ள சர்வரிலும் பூஜ்யமாக இருந்தால் திகைக்க வேண்டாம். இறக்கத்தையும் ஏற்றத்தையும் தனித்தனியாக இயக்கிவிட வேண்டும், நிர்வாகி சொல்லாமல் கெர்னல் தானாக இறக்கத் தொடங்காது. இறக்கத்தை மட்டும் இயக்கிவிட்டு ஏற்றத்தை மறந்துவிட்டால், இறங்கிய பக்கங்கள் கீழேயே தங்கிவிடும்.